அம்மாவுக்கு நான் சொன்ன சீரியல்

அக்கா பிளஸ் டூவுக்குப் போன வருடம் எங்கள் வீட்டில் கேபிளைத் துண்டித்தார்கள். சிதம்பரத்தில் அப்போது பிளஸ் டூ பிள்ளை இருக்கிற வீடுகளில் இது ஒரு சடங்கு மாதிரி நடக்கும். பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் கேபிள்காரர் வந்து, மாடியேறி ஒயரை உருவிச் சுருட்டி வைத்துவிட்டு, பிள்ளை நல்ல மார்க் வாங்கட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போவார். அவர் வீட்டிலேயே அடுத்த வருடம் பிளஸ் டூ இருந்ததால் வருமானம் போகிறதே என்று அவர் முகம் சுளித்ததில்லை. அப்பா டிவியின் மேல் ஒரு பழைய போர்வையைப் போர்த்தினார். ஆயுத பூஜையன்று போர்வையை விலக்கி, திரையின் ஓரத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்துவிட்டு மறுபடியும் போர்த்தினோம்.

எனக்கு அப்போது ஏழாம் வகுப்பு. டிவி போனதில் வீட்டில் யாருக்கும் பெரிய கஷ்டம் வந்துவிடவில்லை. அக்கா பழைய நாட்களிலேயே அதை ஏறெடுத்துப் பார்த்தவள் இல்லை. அப்பா மேட்ச் நடக்கிற நாட்களில் தெற்கு வீதியில் ஒரு டிவி கடை வாசலில் கூட்டத்தோடு நின்று பார்த்துவிட்டு, ஆபீசில் வேலை ஜாஸ்தி என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வருவார். எனக்குக் கிளை நூலகம் இருந்தது. புத்தகம் சத்தம் போடாது என்பதால் அப்பா அதைத் தடுக்கவில்லை, என்ன புத்தகம் என்றும் பார்க்கவில்லை. அந்த தைரியத்தில் அட்டை கிழிந்த மாத நாவல்களாகப் பார்த்து எடுத்துவந்து, ஏழாம் வகுப்பில் தெரிந்துகொள்ள அவசியமில்லாத பல விஷயங்களைத் தெரிந்துகொண்டேன். நிஜமாக நஷ்டப்பட்டது அம்மா மட்டும்தான். ஏழரை மணி சீரியல் ஒன்றை அவள் முதல் நாளிலிருந்து பார்த்துவந்தாள்.

ஜூலை மாதம் அம்மா திடீரென்று எனக்குக் கணக்கு வரவில்லை என்று கண்டுபிடித்தாள். கணக்கில் நான் அப்படியொன்றும் மோசமில்லை. இருந்தாலும் எதிர் வீட்டு டீச்சரம்மாவிடம் டியூஷனுக்கு அனுப்பினாள். டீச்சரம்மா கணக்கு எடுத்து ஓய்வு பெற்ற கிறிஸ்தவர். தனியாக இருந்தார். ஏழு மணிக்கு என்னையும் இன்னும் சில பிள்ளைகளையும் உட்காரவைத்து, ஏழரைக்கு நாலு கணக்கைக் கொடுத்துவிட்டு, அதே சீரியலைப் பார்ப்பார். எட்டு மணிக்கு நான் வீடு திரும்பும்போது அம்மா அடுப்படியில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருப்பாள்.

"கணக்கெல்லாம் போட்டியா?" என்பாள். இது கூடத்தில் இருக்கும் அப்பாவின் காதுக்கு. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ என்னா பண்ணா?" என்பாள்.

அவள் என்பது சீரியலின் மருமகள். அவளுக்கு ஒரு பையன், அவனுக்கு அடுத்து ஒரு பெண், ஒரு மாமியார், எந்த வாக்கியத்தையும் சொல்லி முடிக்காத ஒரு கணவன். மருமகள் பெரும்பாலும் ஹாலில் நின்றபடி அழுவாள். நான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்வேன். டியூஷனுக்கு எதற்காக அனுப்பப்பட்டேன் என்பது ஒரு வாரத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. பெருமையாகக்கூட இருந்தது.

தீபாவளி முடிந்த பிறகு ஒரு நாள் டியூஷனுக்குப் போனால் டிவி இருந்த இடத்தில் ஒரு பூ ஜாடி இருந்தது. ரிப்பேருக்குப் போயிருப்பதாக டீச்சரம்மா சொன்னார். பார்ட்ஸ் வரவில்லை என்று சில வாரம் போயிற்று, கிறிஸ்துமஸ் முடியட்டும் என்று சில வாரம் போயிற்று. அப்புறம் வீடு நிம்மதியாக இருக்கிறது என்று அவரே விட்டுவிட்டார். ஆனால் அந்த முதல் நாள் ராத்திரி அம்மா வழக்கம்போலக் கேட்டாள். பூரிக்கட்டையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். டிவி இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பாவமாக இருந்தது. மாமியாருக்குக் காய்ச்சல் என்று சொல்லிவைத்தேன்.

மறுநாள் வகுப்பில் விசாரித்தேன். என் பெஞ்சில் இருந்தவள் அந்த சீரியலைப் பார்ப்பவள். மருமகள் ஹாலில் நின்று அழுதாள் என்றாள். அதற்கு மறுநாளும் அதையே சொன்னாள். வாரம் முழுக்க அவள் அதே ஹாலில் நின்றாள். நான் சொன்ன காய்ச்சலோ அதற்குள் டைபாய்டு ஆகியிருந்தது. அம்மாவுக்கு என் காய்ச்சல் பிடித்திருந்தது. கேட்டுக்கொண்டே இரண்டு சப்பாத்தியைத் தீயவிட்டாள். ஹாலுக்குத் திரும்பிப் போவதில் எனக்கு இஷ்டமில்லை. நூலக நாவல்களில் தேவையான சாமான்கள் நிறைய இருந்தன. தாமதமாக வந்த கடிதம், காணாமல்போன தம்பி, லால்பேட்டைப் பக்கம் வயலுக்குள் இறங்கிய பஸ் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். அம்மா டீச்சரம்மாவோடு பேசுவதெல்லாம் வாசலோடு சரி, உள்ளே போகமாட்டாள் என்பது என் தைரியம்.

ஜனவரியில் கடலூர் வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து அம்மாவை நேரில் வரச்சொல்லி ஒரு கார்டு வந்தது. அம்மா கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியர் பயிற்சி முடித்துப் பதிந்துவைத்திருந்தாள். மூன்று வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்கக் கடலூருக்குப் போகும்போது எங்களையும் கூட்டிக்கொண்டு போவாள். அப்படியே தேவனாம்பட்டினம் கடற்கரைக்கும் போவோம். எனக்கு அந்த அலுவலகம் என்றால் கடற்கரைக்கு முன்னால் வருகிற ஒரு நீளமான வரிசை. இந்த முறை அம்மா சர்டிபிகேட்டுகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு தனியாகப் போய்வந்தாள். கடற்கரைக்குக் கூட்டிப்போகாமல் ஏமாற்றிவிட்டாள் என்று இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன்.

மார்ச் தொடக்கத்தில் வேலைக்கான ஆர்டர் வந்தது. திட்டக்குடிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடம். சிதம்பரத்திலிருந்து தினமும் போய்வர முடியாத தூரம், திங்கட்கிழமை போனால் வெள்ளிக்கிழமைதான் வரலாம். மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு முறை படித்தார்.

"ஒன் இஷ்டம். நா குறுக்க நிக்கமாட்டேன்" என்று சொல்லிவிட்டு பேப்பரை விரித்துக்கொண்டார்.

குறுக்கே நிற்கவும் இல்லை, கூட நிற்கவும் இல்லை. அக்காவுக்குப் பரீட்சை தொடங்கியிருந்ததால் அவளிடம் யாரும் எதையும் பேசவில்லை. நான் சின்னவள். என்னிடம் பேச என்ன இருக்கிறது? வீட்டில் திட்டக்குடி என்ற பேச்சு அடிபட்டதும் எனக்கு அது கதைக்கு உபயோகப்பட்டது. அந்த வாரமே மருமகளுக்கு டீச்சர் வேலை வாங்கிக் கொடுத்து, திட்டக்குடி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அம்மா அதன் பிறகு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள்.

"தனியா ரூம் எடுத்துருக்காளா?"

"எடுத்துருக்கா. ஹவுஸ் ஓனர் நல்ல மாதிரி."

"புள்ளைங்க சாப்பாட்டுக்கு என்னா பண்ணுதுங்க?"

"அவுங்க அப்பாவே ரசம் வைக்கக் கத்துக்கிட்டாரு."

அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டாள். கூடத்திலிருந்து அப்பா எட்டிப் பார்த்தார். அந்த இரண்டு வாரமும் அம்மா நன்றாக இருந்தாள். ஒரு நாள் பீரோவிலிருந்து பருத்திப் புடவைகளை எடுத்து வெயிலில் போட்டாள். மருமகள் வகுப்பில் முதல் நாள் என்ன சொல்லிக்கொடுத்தாள் என்றுகூடக் கேட்டாள். நானும் விடாமல் சொன்னேன்.

அக்காவுக்குக் கடைசிப் பரீட்சை இருந்த வாரம் அப்பா சாப்பிடும்போது, திங்கட்கிழமை கேபிள்காரர் வருவார் என்றார். திங்கட்கிழமை ஏழரைக்கு அம்மா டிவி முன் உட்காருவாள். திட்டக்குடியில் இருக்கவேண்டியவள் ஹாலில் நிற்பாள். நாலு மாதப் பொய்யும் வெட்டவெளிச்சமாகிவிடும். பெஞ்சுத் தோழியிடம் மறுபடி விசாரித்தேன். ஹால்தான் என்றாள். எனக்கு நாலு ராத்திரி இருந்தது. தொலைந்த தம்பியை துபாய்க்கு அனுப்பினேன், டைபாய்டைக் குணமாக்கினேன். கடைசியாக, மருமகளை வேலையை விடவைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

"ஏன் வந்துட்டா?" என்று கேட்டாள் அம்மா.

வாயில் வந்ததைச் சொன்னேன்.

"புள்ளைங்க அழுவுதுங்களாம். சாப்புடவே மாட்டேங்குதுங்களாம்."

"ரெண்டுமா?"

"பெருசு சமாளிச்சுக்குது. சின்னதுதான்."

அம்மா சப்பாத்தியைத் திருப்பிப் போட்டாள். சாப்பிடும்போது என் தட்டில் மட்டும் நெய்யை ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றினாள்.

திங்கட்கிழமை கேபிள் வந்தது. போர்வையை எடுத்து மடித்தோம். ஏழரைக்கு மருமகள் சரியாக ஹாலில் நின்றுகொண்டிருந்தாள். நான் அம்மாவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். அதில் சந்தேகம் எதுவும் தெரியவில்லை. தப்பித்தோம் என்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அந்த வாரத்தோடு ஆர்டரின் கெடு முடிந்தது. அப்பா ஒரு தடவை கேட்டார். "வேணாங்க, வூட்டப் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா. அப்பா மறுதடவை கேட்கவில்லை. அதன் பிறகு யாரும் பதிவைப் புதுப்பிக்கக் கடலூருக்குப் போகவில்லை.

பல வருடம் கழித்து, புது டிவி வாங்கியபோது பழையதை எடைக்குப் போட்டோம். பழைய சாமான்காரர் அதை சைக்கிள் கேரியரில் வைத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அம்மா வாசல் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சரம்மா வூட்டு டிவியயும் இப்டிதான் கட்டி எடுத்துக்கிட்டுப் போனான். அன்னைக்கும் அவங்க வாசக் கேட்ட நாந்தான் புடிச்சேன்" என்றாள்.

"என்னைக்கு?" என்றேன்.

"நீ ஏழாவது படிக்கறப்ப. தீபாவளி முடிஞ்சு ஒரே மழ. நீ ஸ்கூலுக்குப் போயிருந்த. அப்ப போனதுதான், அப்பறம் அது எங்க திரும்பி வந்துச்சு" என்று சொல்லிவிட்டு, முடிச்சு சரியாக விழவில்லை என்று சாமான்காரரைத் திட்டப் போய்விட்டாள்.

அம்மா ஒரு சீரியலை நம்பித் தன் வாழ்க்கையை முடிவு செய்கிறவள் இல்லை. அப்பாவின் மௌனம், அக்காவின் காலேஜ், தூரம் என்று எத்தனையோ காரணம் இருந்திருக்கும். ஆனால் நான் சொல்லிவந்தது சீரியல் இல்லை என்பது அவளுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். பிள்ளைகள் என்ன சாப்பிடும், யார் பார்த்துக்கொள்வார்கள், ஏன் திரும்பி வந்தாள் என்று அந்த மார்ச் முழுக்க அவள் கேட்டது மருமகளைப் பற்றி இல்லை. வீட்டில் யாரிடமும் கேட்க முடியாததை என்னிடம் கேட்டிருக்கிறாள். நான் கேபிள்காரருக்குப் பயந்து பதில் சொல்லிவிட்டேன்.