வேறொரு மலையின் விறகு

தொண்ணூறுகளின் கடைசியில், ஏலகிரி அடிவாரத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வனத்துறைக்காரர்கள் வந்து ஒரு வனக்குழு அமைத்தார்கள். மலையை ஊரே காத்தால் மழை வரும், கிணறு ஊறும் என்றார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதையும் அளவோடு செய்து பழக்கமில்லை. ஆடு மேய்க்க ஒரு சரிவை வனத்துறையே ஒதுக்கிக் கொடுத்திருந்தது. ஊர்ப் பெரிய மனிதர்கள் அதோடு நிற்காமல், மாரியம்மன் கோயிலில் வீட்டுக்கு ஒருவரைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார்கள். மலையில் கத்தி படக்கூடாது, எந்தச் சரிவிலும் ஆடு ஏறக்கூடாது. காகிதத்தில் எழுதியதை மாற்றி எழுதலாம், அம்மன் முன்னால் அணைத்த கற்பூரத்தை என்ன செய்வது?

சத்தியம் செய்ய வைத்த பெரிய மனிதர்கள் யாரிடமும் ஆடு இல்லை. புருஷனை இழந்த என் அக்காவுக்கு ஆடுதான் பிழைப்பு. அந்த வாரமே அத்தனையையும் விற்றாள். இனி என்ன செய்வாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடும் ஒரு டேனரியில் பாய்லருக்கு விறகு தள்ளும் வேலை கிடைத்தது. கூடவே இருமலும் வந்தது.

ஒருநாள் லாரியில் ஈரம் காயாத கட்டைகள் வந்து இறங்கியிருக்கின்றன. எங்கிருந்து வருகிறது என்று டிரைவரைக் கேட்டிருக்கிறாள்.

"ஆந்திரா பார்டர்ல ஒரு மலைம்மா. இன்னும் கொஞ்சந்தான் பாக்கி. உனுக்கு இன்னா வந்துச்சு?"

அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. எங்கள் மலை பச்சை கட்டியதை யாராவது புகழ்ந்தால் அதற்குப் பிறகு நான் எழுந்து போய்விடுவேன்.

சில வருஷம் கழித்து, டேப்பும் கையுமாகச் சிலர் வந்து மரங்களைச் சுற்றி அளந்தார்கள். உலகத்தையே சூடாக்கும் புகையை எங்கள் மரங்கள் உள்ளே இழுத்து வைத்திருப்பதாகக் கோயில் எதிரில் கூட்டம் போட்டுப் பாராட்டினார்கள். ஆடு விற்றவர்களை முன்னால் வந்து போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள். அக்காவும் போய் நின்றாள். நின்றபடியே, பாராட்டிப் பேசியவரைக் கேட்டாள்.

"சார், நான் பாய்லர்ல போட்ற மரத்தையும் கணக்குல சேத்தீங்களா?"

"அது வேற மலைம்மா. இந்தத் திட்டத்துல வராது."

"இந்த மலைக்காக ஆட்டை வித்துட்டுதான் சார் அந்த வேலைக்கே போனேன்."

போட்டோ எடுக்க வந்தவர் அக்காவைக் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார். அவளும் சிரித்துத் தொலைத்தாள்.