கன்னத்துக்குள் ஒரு புண்

இலட்சுமிப்பிள்ளைக்கு இடது கன்னத்தின் உள்ளே புண் வந்தது களை பிடுங்கும் காலத்தில். நாக்குப் பட்டால் அரைத்த கொச்சிக்காய் பட்டதுபோல எரிந்தது. வயல் வட்டையில் முழங்கால் சேற்றில் குனிந்து நிற்கிறவளுக்கு மருந்து இடுப்பு மடியிலேயே இருந்தது. ஒரு துண்டுப் புகையிலையைப் பிய்த்துப் புண்ணின் மேல் ஒதுக்கிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கன்னம் மரத்துப்போனது. வயலில் நிற்கும் பெண்கள் பல்வலிக்கும் அதைத்தான் செய்வார்கள், பசிக்கும் அதைத்தான் செய்வார்கள்.

வெற்றிலை அவர்களுக்குப் பழையது. புகையிலை பறங்கியரின் கப்பலில் வந்து அதற்குள் நுழைந்துகொண்டது. பிறகு நாட்டை ஆண்ட வெள்ளைக்காரர் அதில் வரி எடுத்தார்கள். பெரிய தெருவையும் ஆஸ்பத்திரியையும் மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில், தங்கள் அரசாங்கக் கந்தோர்களுக்குப் பக்கத்தில் போட்டார்கள். மேற்கே, இலட்சுமிப்பிள்ளையின் ஊர் இருக்கும் படுவான்கரையிலிருந்து நெல் மட்டும் வந்தால் போதுமாயிருந்தது. அவர்கள் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது. பாலம் வந்த பிறகும் பெரிய நோய் வந்த வருத்தக்காரர் வாவியைக் கடந்துதான் ஆகவேண்டும். இலட்சுமிப்பிள்ளைக்கு இந்தக் கதை தெரியாது. புகையிலை ஆதியிலிருந்தே தங்களுடையது என்று நினைத்திருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் பல் வைத்திய முகாம் போட்டபோது ஒரு இளம் வைத்தியர் அவள் வாயைப் பார்த்தார். புகையிலையை இன்றோடு நிறுத்தவேண்டும், தாமதிக்காமல் மட்டக்களப்புக்குப் போய்ச் சதை வெட்டிச் சோதிக்கவேண்டும், இப்போது போனால் வெட்டிச் சுகமாக்கலாம் என்றார். பயந்துபோனாள். புகையிலையை விட்டாள். மகள் கம்சாயினியின் கலியாணத்துக்குச் சொல்லி முடித்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவதென்று தீர்மானித்தாள்.

பித்தளை வட்டாவில் வெற்றிலை அடுக்கி வீடுவீடாகப் போனாள். கடைசியாக மிஞ்சியது புருஷனின் தங்கை நேசம்மாவின் வீடு. வேலிச் சண்டையில் இரண்டு வீட்டுக்கும் நெடுநாளாகப் பேச்சில்லை. மாமி முறைக்காரி வராமல் கலியாணப் பந்தல் நிறையாது. நேசம்மா வெற்றிலையை வாங்கிச் சப்பினாள். எதிரே இருந்தவள் சப்பாமலிருந்ததைக் கவனித்தாள்.

"வெத்திலைய நான் மட்டும் சப்புறன். நீ வாய மூடிக்கிட்டு இருக்காய். மனசில இன்னும் வெச்சிருக்காய் என்ன?"

"வாயில புண் மச்சாள். டொக்டர் வேணாமெண்டவர்."

"எனக்கு எத்தின புண் வந்து போயிருக்கு. கலியாணம் சொல்ல எங்கிட்ட வந்தியா, டொக்டர்ர கதை சொல்ல வந்தியா?"

சொல்லிக்கொண்டே நேசம்மா தன் கையால் சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்து நீட்டினாள். அந்தக் கையைத் தட்டினால் பகை இனி ஆறாது. இலட்சுமிப்பிள்ளை வாங்கி வாயில் போட்டாள். நேசம்மா சிரித்தாள். பந்தலுக்குத் தானே முன்னால் வந்து நிற்பதாகச் சொன்னாள்.

அன்று பின்னேரம் இலட்சுமிப்பிள்ளை எரிச்சலில்லாமல் மீன் கறியோடு சோறு தின்றாள். புண் ஆறத் தொடங்கிவிட்டது, புகையிலையை விட்டதால்தான் அது இத்தனை நாளும் காயாமல் கிடந்தது என்று நம்பினாள். கலியாண வேலை தலைக்கு மேல் கிடந்தது. ஆஸ்பத்திரியை மறந்தாள்.

கலியாணம் சிறப்பாக நடந்தது. அதன் பிறகு இலட்சுமிப்பிள்ளைக்கு வாய் சரியாகத் திறக்கவில்லை. சோற்றுக்கை உள்ளே போகவில்லை. கழுத்தில் ஒரு கட்டி எழும்பியது. கம்சாயினி தாயைக் கூட்டிக்கொண்டு, ஊரார் பாதை என்று சொல்லும் மிதவையில் வாவியைக் கடந்து, குருக்கள்மடத்தில் பஸ் ஏறினாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அன்றைய நம்பர் துண்டுகள் முடிந்திருந்தன. பக்கத்து ஊர்க்காரர் விடியமுன்பே வந்து எடுத்துவிட்டிருந்தார்கள். மறுபடியும் போனார்கள். வைத்தியர் சோதிக்கச் சதையை வெட்டியெடுத்தார். முடிவுக்காக இன்னும் காத்திருந்தார்கள்.

முடிவு வந்த நாளில் வைத்தியர் தாதி றுமைஸாவிடம் ஆங்கிலத்தில் நீளமாகச் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போனார். றுமைஸா அதைச் சுருக்கினாள்.

"கழுத்துக்கும் பரவிட்டும்மா. இப்ப வெட்டேலாதாம். கரண்ட் பிடிச்சு, கதிரால புண்ணக் கருக்கிப் பார்ப்பமாம்."

"கரண்ட் பிடிச்ச மறுகா சுகம் வருமா மகள்?" இலட்சுமிப்பிள்ளை பல்லிடுக்கால் கேட்டாள்.

றுமைஸா அவள் தோளில் கை வைத்தாள். 

கம்சாயினி தாயின் கையைப் பிடித்தாள். "என்ர கலியாணத்துக்காகத்தானேம்மா பிந்தினீங்க?"

இல்லை என்று சொல்ல இலட்சுமிப்பிள்ளை வாயெடுத்தாள். இம்முறை தாடை இறுகிப் பிடித்துக்கொண்டது.

றுமைஸாவின் பார்வை மகளின் கறைபிடித்த பற்களில் நின்றது. "நீங்களும் வெத்திலையோட போயில போடுறதா, தங்கச்சி?"

கம்சாயினி உதட்டை மூடிக்கொண்டாள். றுமைஸா அவளைக் கதிரையில் இருத்தி, வாயைத் திறக்கச் சொல்லி, உள்ளே டோர்ச் அடித்துப் பார்த்தாள். இலட்சுமிப்பிள்ளை மகளின் வாயைப் பார்க்கவில்லை, தாதியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் ஒரே இடத்தில் நின்றது. பிறகு றுமைஸா கதவுப் பக்கம் திரும்பி, தாழ்ந்த குரலில், ஆங்கிலத்தில் வைத்தியரைக் கூப்பிட்டாள்.