தாய்மாமன் சீரும் ஐந்து ஆம்பியரும்

போன வாரம் எங்கள் வீட்டில் ப்யூஸ் போயிற்று. இதைக்கூடவா எழுதுவார்கள் என்கிறீர்களா? இருங்கள்... என் நிம்மதியும் அதோடு சேர்ந்து போய்விட்டதே!

பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். பேரன் பிறந்து, எங்கள் செங்கற்பட்டு வீடு கலகலவென்று இருக்கிறது. குழந்தையைப் பார்க்க என் மைத்துனர் வந்தார். இந்த ஊர்க் கோர்ட்டில் பெரிய வக்கீல். தாய்மாமன் சீராக ஒரு மின்சார அடுப்பைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளை பெற்றவளுக்கு வெந்நீர் போட இனி விறகுப் புகை வேண்டாமாம். நல்ல மனசுதான். யார் இல்லை என்றது?

அடுப்பைப் போட்டோம். ப்யூஸ் காலி. மாற்றினோம். மறுபடி காலி.

எனக்குச் சந்தேகம் தட்டியது. மின்சார விதிப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கிப் படித்தேன். எந்தப் பருமன் கம்பி எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று அட்டவணையே போட்டிருக்கிறது. எங்கள் வீட்டு விளக்குக் கம்பிக்கு ஐந்து. பல கம்பிகளை ஒரே மரச்சட்டத்துக்குள் வைத்து மூடினால், அதிலும் குறைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டிலோ அத்தனை கம்பியும் ஒரே சட்டத்துக்குள் — பிள்ளை பெற்றவள் படுத்திருக்கும் அறைச் சுவரோடுதான் ஓடுகின்றன. அடுப்பும் விளக்கும் விசிறியும் சேர்ந்தால் கம்பி காயும், மேலே உள்ள ரப்பர் உருகும், பிறகு மரம் பற்றும்.

மைத்துனரிடம் காட்டினேன். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வதுபோல் புத்தகத்தைப் பார்த்தார்.

"மாப்பிள்ளே, பல கம்பின்னா எத்தனை கம்பி? விதியில சொல்லலியே. சந்தேகம்னு வந்தா அது நமக்குத்தான் சாதகம்."

கோர்ட்டில் சந்தேகத்தின் பலனில் ஆள் விடுதலை ஆகலாம். கம்பிக்கு அந்தச் சட்டமெல்லாம் தெரியுமா?

வயர்மேன் ஏகாம்பரத்தைக் கூப்பிட்டேன். மாமல்லபுரம் பக்கத்து ஆள். அடுப்புக்கென்று தனியாகத் தடிக் கம்பி இழுக்கச் சொன்னேன். பச்சைக் குழந்தை இருக்கிற அறையில் சுத்தியல் சத்தமா என்று என் மனைவி தடை உத்தரவு போட்டுவிட்டாள். சரி, அதுவரை அடுப்பை எடுத்து வைப்போமே? அண்ணன் கொடுத்த சீர் மூலையில் கிடந்தால் தன் பிறந்த வீட்டுக்கே அவமானம் என்று கண்ணைக் கசக்கினாள்.

ஏகாம்பரம் தலையைச் சொறிந்தான்.

"இன்னாத்துக்கு சார் பேஜாரு? ப்யூஸ்ல தடிக் கம்பியா போட்டுட்டா அது போவவே போவாது."

வேண்டாம் என்றேன். மூவருக்கு எதிராக ஒருவன்... நம் வீட்டு ஜனநாயகம்தான் தெரியுமே. போட்டுவிட்டான். அடுப்பு ஜம்மென்று எரிகிறது. வீட்டில் விதியை மதித்தது அந்த ப்யூஸ் ஒன்றுதான். அதன் வாயையும் கட்டியாயிற்று.

நேற்றுக் காலை வெந்நீர் காயும்போது மரச்சட்டத்தைத் தொட்டுப் பார்த்தேன். சுட்டது. சொன்னால், கேட்க ஆளில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

பேரனின் தொட்டில் அந்தச் சுவரோரமாக நகர்ந்திருந்தது. ஏனம்மா என்று பெண்ணைக் கேட்டேன்.

"மார்கழிப் பனி தாங்கலப்பா. இந்த மூலை மட்டும் நல்லா இதமா இருக்கு."

தொட்டிலை இந்தப் பக்கம் இழுத்து வைத்தேன். கடைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், மறுபடி அங்கேயே.

அறைக்குள் எல்லோரும் போர்த்திக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும் வேர்க்கிறது.