லிஃப்டில் எட்டில் ஒரு பங்கு

அரசாங்கக் கட்டடத்தின் தரைத்தளத்தில் பதினான்கு வருடமாகத் தையல் கடை வைத்திருந்த அக்காவுக்கு வாடகை ஒரு பொருட்டே இல்லை. ஒன்றாம் தேதி பிறந்தால் கட்டிவிடுவாள். அவள் வயிற்றெரிச்சலைக் கிளப்பியது, ‘பொதுப் பராமரிப்பில் வாடகைதாரர் பங்கு’ என்று மாதாமாதம் தனியாக வரும் தாள்தான். கட்டடத்தில் எட்டில் ஒரு பாகம் அவள் கடை. ஆகவே தண்ணீர்த் தொட்டி கழுவுவதில், மாடிப்படி விளக்கில், கூரை ஒழுகலில் என எல்லாவற்றிலும் எட்டில் ஒன்று அவள் தலையில் விழுந்தது. மீதி ஏழு பங்கு மேலே இரண்டு மாடியிலும் இருந்த அரசு அலுவலகத்துக்கு. அதாவது அரசாங்கம் வலது பையிலிருந்து எடுத்து இடது பையில் போட்டுக்கொண்டது. அக்காவின் காசு மட்டும்தான் நிஜமாகவே கைமாறியது.

லிஃப்ட் நின்று மூன்று வருடமாகிறது. அவள் கடைக்கு நேர் எதிரே வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. ‘லிஃப்ட் இயக்கம், பராமரிப்பு’ என்ற வரி மட்டும் ஒரு மாதம்கூட நிற்கவில்லை.

ஒரு நாள் தாளும் கையுமாக இரண்டு மாடி ஏறி, பராமரிப்புப் பிரிவு எழுத்தர் முன்னால் மூச்சு வாங்க நின்றாள்.

“சார், ஓடாத லிஃப்டுக்கு என்ன இயக்கம்?”

“ஓடலைன்னாலும் லிஃப்ட் இருக்குல்லம்மா. இருக்கறதைப் பராமரிக்கணுமே.”

“நான் தரையில இருக்கேன். ஓடினாத்தான் எங்க ஏறப் போறேன்?”

“இப்ப மேல வந்திருக்கீங்களே. போகும்போது அதுலயே இறங்கலாம்ல?” என்ற எழுத்தர், அவள் முகத்தைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னார்: “பொதுச் சொத்தும்மா. எட்டில் ஒரு பங்கு உங்களுது.”

இதை அவள் வீட்டில் போய்ச் சொன்னபோது, பேருந்து ஓட்டுகிற கணவன் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “உன் பங்கு எங்கேன்னு கேட்டு வாங்கிக்கோ” என்றான். அவன் கிண்டலாகத்தான் சொன்னான். அவள் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் காலையில் லிஃப்டைக் கூட்டித் துடைத்தாள். உள்ளே ஆள் உயரக் கண்ணாடி ஒன்று, கீறல் விழாமல் இருந்தது. வாசலில் பூப்போட்ட திரை, சுவரில் இரண்டு கொக்கி. அதுவரை பீரோ மறைவில் கூசிக்கூசிச் சட்டை மாற்றிய பெண்கள் இப்போது நிதானமாகப் போட்டுப் பார்த்தார்கள். மேல்மாடி அலுவலகத்திலிருந்தும் வரத் தொடங்கினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, கட்டட அதிகாரி அளவு நாடாவோடும் எழுத்தரோடும் ஆய்வுக்கு வந்தார். திரையில் கை வைத்தார்.

“ஆள் இருக்கு” என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். அவருடைய மேலதிகாரியம்மாவின் குரல்.

அதிகாரி நாலடி பின்வாங்கி, தணிந்த குரலில், “இது ஆக்கிரமிப்பும்மா” என்றார்.

“என் பங்குதானே சார்” என்று அக்கா முப்பத்தாறு ரசீதுகளை மேசைமேல் பரப்பினாள்.

“காலி பண்ணச் சொல்லிடலாமா?” என்று அதிகாரி எழுத்தரைக் கேட்டார்.

“ஓடலைன்னு எழுதணும் சார். அப்புறம் மூணு வருஷமா எதுக்கு வசூல் பண்ணீங்கன்னு தணிக்கையில கேப்பாங்க.”

ஆணை பத்தே நாளில் வந்தது. அந்தக் கட்டடத்தில் எதுவும் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. லிஃப்டின் தரைப்பரப்பு கடையோடு சேர்க்கப்பட்டது. அவள் பங்கு எட்டில் ஒன்றிலிருந்து ஏழே முக்காலில் ஒன்றாக ஏறியது. லிஃப்ட் இனிப் பொதுச் சொத்து இல்லை என்பதால் அதன் பராமரிப்பு வரி அடிபட்டுப் போனது. கூட்டிக் கழித்துப் பார்த்ததில் அக்காவுக்கு மாதம் ஒரு கட்டு ஊசி வாங்கும் அளவுக்கு லாபம்.

அடுத்த மாதமே, நாலு வருடத்துக்கு முந்தைய கோரிக்கை ஒன்று எங்கோ ஒப்புதலாகி, லிஃப்டைப் பழுது பார்க்க மெக்கானிக் ஒருவர் பெட்டியோடு வந்துவிட்டார்.

“இது வாடகைக்கு விட்ட இடம்பா. வேலை பார்க்கணும்னா ஒரு மாசம் முன்னாடி எழுத்துல நோட்டீஸ் தரணும்” என்றாள் அக்கா, தையலை நிறுத்தாமல்.

மெக்கானிக் இரண்டு மாடிப்படிகளையும் அண்ணாந்து பார்த்தார். ஏறவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து, பேன்ட் நீளத்தைக் குறைக்க எவ்வளவு ஆகும் என்று கேட்டார்.