பதினேழாம் நம்பர் தலை

“தலையை ஆட்டாதீங்கண்ணே. தலை ஆடினா புள்ளி ஆடும். புள்ளி ஆடினா அப்புறம் டாக்டர் ஆடுவாங்க.”

கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் மூச்சைக்கூட நிறுத்திக்கொண்டார். அவள் அளவு நாடாவின் ஒரு முனையை அவருடைய இரு புருவங்களுக்கு நடுவே இருந்த பள்ளத்தில் வைத்து, உச்சி வழியாக இழுத்து, பின்மண்டையில் துருத்தியிருந்த எலும்பு மேட்டில் முடித்தாள். முப்பத்தாறு சென்டிமீட்டர். அதில் பத்தில் ஒரு பங்கு, பிறகு பத்தில் இரண்டு பங்கு என்று சிவப்புப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனாள்.

“மூச்சு விடலாம். அதுக்குத் தடையில்லை.”

வாசலில் நின்ற அவர் மனைவி சிரித்தாள். “மூணு வாரமா ஒரு இடத்துல உட்காராத மனுஷன். நாற்காலியைத்தான் ஓட்டுறார். நான் சமையலறையிலிருந்து வந்தா ‘இடது பக்கம் ஒதுங்கு’ங்கறார். நேத்து ஹாரன் அடிச்சார்க்கா.”

“வாயாலதான்” என்றார் அவர், தலையை அசைக்காமல்.

அவர் பஸ் ஓட்டுநர். மூன்று வாரத்துக்கு முன்னால் பணிமனையில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவர், நாலடி நடந்து அப்படியே சரிந்தார். விழுந்த இடத்தில் கைகால் இரண்டு தடவை வெட்டி இழுத்தது. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, எழுந்து உட்கார்ந்து, “எதுக்கு எல்லாரும் வேடிக்கை பார்க்கறீங்க?” என்று கேட்டார். அதற்குள் வலிப்பு என்ற சொல் பணிமனையைச் சுற்றி வந்துவிட்டது. மூளை மருத்துவர் எழுத்தில் தந்தால்தான் இனி ஸ்டியரிங் என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

அதனால்தான் மூளை அலைச் சோதனை. அதனால்தான் இந்த அறை. அறை என்றால் ஒரு கட்டில், ஒரு இயந்திரம், ஒரு கேமரா, கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு திரை.

மருத்துவமனையில் அவளை எல்லோரும் கோந்து அக்கா என்பார்கள். ஒவ்வொரு தலையிலும் இருபத்தொரு சிறு உலோகக் கப்புகளை வெள்ளைப் பசையால் ஒட்டுவது அவள் வேலை. பத்தொன்பது வருடத்துக்கு முன் இந்தத் துறையில் கோப்பு எழுத வந்தவள். அப்போதிருந்த டெக்னீஷியன் பிரசவத்துக்குப் போய்விட, சும்மா கிடந்த இயந்திரத்தைப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. கேட்டுக் கேட்டுக் கற்று, பிறகு முறையாகப் படித்து, தேர்வும் எழுதினாள். வீட்டில் பயிற்சிக்குக் கணவரின் தலை இருந்தது. அப்போது அதில் முடியும் இருந்தது.

“நீ தேய்ச்சுத் தேய்ச்சுத்தான் வழுக்கை விழுந்துடுச்சு” என்பார் அவர்.

“உங்க அப்பாவுக்கு யார் தேய்ச்சாங்களாம்?” என்பாள் அவள்.

முகங்கள் அவளுக்கு நினைவில் நிற்பதில்லை. தலைகள் நிற்கும். ஒருமுறை தபால் நிலைய வரிசையில், முன்னால் நின்றவரின் பின்மண்டை மேட்டைப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டாள். அவர் திரும்பிப் பார்த்தார். ஆறு வருடத்துக்கு முந்தைய தலை. நன்றாகத்தான் இருந்தது.

ஓட்டுநருக்குக் கப்புகளை ஒட்டி முடித்து, கண்ணுக்கு மேலும் கீழும் இரண்டு வைத்து, போர்வையைக் கால்வரை போர்த்திவிட்டாள். பிறகு எல்லோரிடமும் சொல்வதையே சொன்னாள்.

“கண்ணை மூடிக்கோங்க. தூங்க வேண்டாம். மனசுக்குப் பிடிச்ச இடத்துல இருக்கறதா நினைச்சுக்கிட்டு அமைதியா படுத்திருங்க.”

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து திரையைப் பார்த்தாள். கண் மூடியதும் பின்மண்டையில் ஒரு அலை எழும்பும். நொடிக்குப் பத்து, சீராக, தையல் போட்டது மாதிரி. கண்ணைத் திறந்தால் கலைந்துவிடும். பத்தொன்பது வருடமாகப் பார்க்கிறாள். இன்றும் அது வந்ததும் “வாங்க” என்றாள்.

மூன்று நிமிடம் ஆழ்ந்து மூச்சுவிடச் சொன்னாள். விளக்கை மின்னவிட்டாள். ஒரு குறையும் இல்லை. பிறகு அவரைச் சும்மா விட்டாள். அப்போதுதான் நெற்றிப் பக்கம், இரண்டு புறமும் சேர்ந்தாற்போல், பெரிய மெதுவான அலை ஒன்று புரண்டது. இரண்டு நொடி. நின்றது. மறுபடி வந்தது.

பதிவு முடிந்ததும் அவள் டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் அவளைவிட இரண்டு வயது மூத்த பெண்மணி. பதிவைப் பார்த்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கண் அசைவா?”

“இல்லை டாக்டர். கண் கப்பு ரெண்டும் அமைதியா இருக்கு.”

“அப்போ நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? வெறும் மயக்கம்னுதான் நானும் நினைக்கறேன். இதயத்துல ஒண்ணும் இல்லை. எழுந்ததும் தெளிவா பேசியிருக்கார். இந்த ஒரு சோதனையை வச்சு நான் எதையும் முடிவு பண்றதும் இல்லை. ஆனா அறுபது பேர் உட்கார்ற வண்டி, கோந்து. இது என்னன்னு தெரியாம எழுத மாட்டேன். நாள் முழுக்கப் பதிவு பண்ற சோதனைக்கு அனுப்பலாம்.”

“அதுக்கு ரெண்டு மாசம் தள்ளித்தான் இடம்.”

“தெரியும்.”

அவள் போய்க் கப்புகளைப் பிரித்தெடுத்தாள். ஓட்டுநர் அவள் முகத்தையே பார்த்தார். “டாக்டர் கூப்பிடுவாங்க. போய்த் தலையைக் கழுவிக்கோங்க” என்றாள். ரெண்டு மாசம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

திரைக்கு முன் திரும்ப வந்து உட்கார்ந்தாள். மேசை இழுப்பறையில் அவளுடைய நோட்டு ஒன்று இருந்தது. அட்டையில் ‘வேஷக்காரர்கள்’ என்று எழுதியிருக்கும். மூளையிலிருந்து வராமல் மூளை அலை மாதிரியே வேஷம் போட்டு வந்தவை எல்லாம் அதில் உண்டு. வாயில் மிட்டாயை ஒளித்து வைத்திருந்த வக்கீல். விக்கல். பால் குடிக்கும் குழந்தையின் கன்னம். சொட்டிய ஏசி. அலை எது, வேஷம் எது என்று பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். இது பிடிபடவில்லை.

அலைகளை விட்டுவிட்டு இடைவெளிகளைப் பார்த்தாள். மூன்று அலைகள் அடுத்தடுத்து. பிறகு நீளமான ஒரு வெறுமை. பிறகு இரண்டு. அப்புறம் அதைவிட நீளமான வெறுமை. கடைசியில் ஒன்று.

இதை எங்கேயோ பார்த்திருக்கிறாள். பார்க்கவில்லை, முதுகு அறிந்திருக்கிறது. முன்னால் சாய்ந்து, பின்னால் சாய்ந்து, பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பத்தொன்பது வருடமாக. ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை, மூன்றும் கிட்டக்கிட்ட. பிறகு ரயில்வே சுவரோரம் ஒரே நீட்டு. நூலகம், நீதிமன்றம். அப்புறம் பாலம். பாலம் தாண்டி மணிக்கூண்டு.

வாய்விட்டுச் சிரித்தாள். டாக்டர் எட்டிப் பார்த்தார்.

“அரை மணி நேரம் கொடுங்க டாக்டர்.”

“அவர் தலையைக் கழுவிடுவாரே?”

அவள் ஓடினாள். நடைபாதைக் கோடியில் ஓட்டுநர் குழாயடியில் குனிந்திருந்தார். மனைவி கையில் சோப்பு.

“நிறுத்துங்க!”

ஓட்டுநரின் வலது கால் தரையை ஓங்கி அழுத்தியது. தண்ணீர் இன்னும் படவில்லை.

“எந்த ரூட் ஓட்டறீங்க?”

“பதினேழு.”

“நான் தினம் அதுலதானே வர்றேன்! உங்க தலை எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?”

“தொப்பி போட்டிருப்பேங்க.”

“தொப்பி கெடுத்துடுச்சு. சரி, உண்மையைச் சொல்லுங்க. கண்ணை மூடிக்கிட்டு எங்க போனீங்க?”

அவர் மனைவியைப் பார்த்துத் திருட்டு முழி முழித்தார். “பிடிச்ச இடத்துல இருங்கன்னு நீங்கதானே சொன்னீங்க.”

“சொன்னேன்.”

“வண்டியில ஏறிட்டேன்.”

“நல்லா இருக்கு!” என்றாள் மனைவி. “பிடிச்ச இடம் வண்டியாம். வீடுன்னு ஒண்ணு இருக்கறது ஞாபகமே வரலையா?”

“வீட்டுலதான் மூணு வாரமா இருக்கேனேம்மா.”

“ஸ்டாப் பேரெல்லாம் சொன்னீங்களா?” என்று கேட்டாள் கோந்து அக்கா.

“வாயே திறக்கலைங்க. சத்தியமா.”

“வாய் இல்லை. நாக்கு.”

ஓட்டுநர் வாயை மூடிக்கொண்டு உள்ளே சோதித்துப் பார்த்தார். முகம் மாறியது. “நான் டிரைவர் ஆகி பத்து வருஷம்தாங்க ஆச்சு. அதுக்கு முன்னாடி பன்னிரண்டு வருஷம் கண்டக்டர். நாக்கு அதுபாட்டுக்குக் கத்தும்.”

“கால் டிரைவர், நாக்கு கண்டக்டர்” என்றாள் மனைவி. “நடுவுல நான்தான் பாசஞ்சர்.”

நாக்கின் நுனிக்கும் அடிக்கும் மின்சாரக் கணக்கில் சிறிய வேறுபாடு உண்டு. நாக்கு புரண்டால் நெற்றியில் ஒட்டிய கப்பு அதையும் வாங்கி, மூளை எழுதியதுபோல எழுதிவைக்கும். அவள் பயிற்சிப் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் வாய் மூடியிருக்கும்போது நாக்கு ஊரைச் சுற்றும் என்று அதில் போடவில்லை.

மறுபடி இருபத்தொரு கப்புகள். இந்த முறை போர்வை இல்லை. டாக்டர் திரைக்கு முன்னால் கைகட்டி நின்றார்.

“லா லா லா சொல்லுங்கண்ணே.”

“லா லா லா.” நெற்றியில் அதே அலை.

“இப்ப வாயை மூடிக்கிட்டு வண்டியை எடுங்க. ஆஸ்பத்திரியிலிருந்து.”

வலது கால் மெல்ல அசைந்தது. திரையில் அலை வந்தது. “ஆஸ்பத்திரி” என்றாள் அவள் உரக்க. அடுத்த அலைக்கு, “பள்ளிக்கூடம்.” அடுத்ததற்கு, “சந்தை.”

ஓட்டுநர் கண்ணைத் திறந்துவிட்டார். “உள்ளே எட்டிப் பார்க்கறாங்கம்மா!”

“கண்ணை மூடிட்டுப் போங்க. சுவரோரம் வந்துட்டீங்க.”

நீண்ட வெறுமை. முன்னதைவிட நீளம். டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏண்ணே, நூலகம் இன்னும் வரலை?”

“லாரி ஒண்ணு குறுக்க நிக்குதுங்க. இருங்க, எடுத்துடுவான்.”

டாக்டர் சிரித்ததில் மூக்குக் கண்ணாடி மேசையில் விழுந்தது. நூலகம் வந்தது. நீதிமன்றம் வந்தது. ஒவ்வொரு அலைக்கும் முன்னால் கால் பிரேக் போட்டது.

“இப்ப வண்டியிலிருந்து இறங்குங்க. நாக்கைக் கீழே படுக்க வச்சுட்டு, வீட்டுல போய் உட்காருங்க.”

பத்து நிமிடம். நெற்றியில் அலை இல்லை. பின்மண்டையில் மட்டும் அந்தத் தையல், நொடிக்குப் பத்து, கோணாமல் ஓடியது. கண்ணாடி வழியாகப் பார்த்திருந்த மனைவி, “பார்த்தீங்களா, வீட்டுக்கு வந்தா எப்படி அமைதியா இருக்கு” என்றாள்.

டாக்டர் கடிதத்தை எழுதிக்கொண்டே ஓட்டுநரிடம் பேசினார். “காலையிலிருந்து மதியம் வரைக்கும் தண்ணியே குடிக்கறதில்லையாமே?”

“குடிச்சா நடுவுல இறங்கணுங்க. எங்க இறங்கறது?”

“அதனாலதான் விழுந்தீங்க. ரெண்டு முனையிலயும் கழிப்பறை இருக்கில்ல? ஒவ்வொரு நடைக்கும் ஒரு பாட்டில். அதையும் கடிதத்துலயே எழுதிட்டேன், மேலாளர் படிக்கட்டும். மறுபடி இப்படி ஆச்சுன்னா உடனே வரணும்.” கையெழுத்துப் போட்டார். “ஓட்டறதா நினைச்சாலே, ஓட்டும்போது வேலை செய்யற பகுதிகள்ல பாதிக்கு மேல முழிச்சுக்கும். ஆராய்ச்சிக்கூடங்கள்ல இப்ப அதை வச்சுத்தான், கைகால் அசையாதவங்க நினைச்சாலே திரையில புள்ளி நகர்ற மாதிரி பண்றாங்க.”

“அப்ப பஸ்ஸை?”

“அதுக்கு இன்னும் நாளாகும். அதுவரைக்கும் கையால ஓட்டுங்க.”

ஓட்டுநர் கடிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். ஸ்டியரிங்கைப் பிடிப்பது மாதிரி, கடிகாரத்தில் பத்து மணி, இரண்டு மணி இருக்கும் இடங்களில் பிடித்திருந்தார்.

அவர்கள் போனபிறகு கோந்து அக்கா தலையைச் சொறிந்தாள். “தப்பு என்மேலதான் டாக்டர். பிடிச்ச இடம்னு சொல்லப்போய்த்தானே? அந்த வசனத்தை விட்டுடறேன்.”

“விடாதே. ‘போய்ச் சேர்ந்ததும் உட்காருங்க’ன்னு சேர்த்துக்கோ.”

மறுநாள் அவள் எட்டு இருபதுக்குப் பதினேழாம் நம்பரில் ஏறினாள். வேறு ஒருவர் ஓட்டினார். மணிக்கூண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் பதினாறு நிமிடம் ஆனது. கப்புகளைக் கழுவி, துடைத்து, வரிசையாக மாட்டினாள். மூன்று பேர் வந்தார்கள். ஒன்பது மாதக் குழந்தை, ஒரு தையல்காரர், ஒரு பள்ளி ஆசிரியை. குழந்தை தூங்க ஒன்றரை மணி நேரம் ஆனது. மதியம் பசை தீர்ந்தது. புது டப்பாவுக்கு எழுதிக் கொடுத்தாள். மூன்று மணிக்கு ஓட்டுநரின் மனைவி தொலைபேசியில் பேசினாள். கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள், திங்கட்கிழமையிலிருந்து காலை முறை, தண்ணீர் பாட்டில் வாங்கியாகிவிட்டது என்றாள். கோந்து அக்கா ‘வேஷக்காரர்கள்’ நோட்டில் தேதி போட்டு, ‘நாக்கு, பதினேழாம் நம்பர்’ என்று எழுதினாள். ஐந்து மணிக்கு விளக்கை அணைத்து அறையைப் பூட்டினாள்.