கோல்ஃப் மைதானத்திலிருந்து வந்த வள்ளம்

கோல்ஃப் என்றால் எனக்கு ரீவியில் பார்த்த அளவுதான். தொப்பி போட்டவர்கள் ஆறுதலாக நடப்பார்கள், சின்னப் பந்தை அடிப்பார்கள், பிறகும் நடப்பார்கள். அதற்கும் எங்கள் முல்லைத்தீவுக்கும் என்ன சம்பந்தம்? போன மாதம் வரை நானும் இப்படித்தான் கேட்டிருப்பேன்.

என் அத்தான் – அக்காவின் கணவர் – ஸ்கொட்லாந்தில், கடற்கரையோரக் கோல்ஃப் கிளப் ஒன்றின் குசினியில் சமையல்காரர். சுனாமி முடிந்த கையோடு கிளப்காரர் கேட்டார்களாம், "உங்கள் ஊருக்கு என்ன வேணும்?" என்று. அத்தான் யோசிக்கவே இல்லை. "மீன்பிடிக்க வள்ளம்."

கொட்டும் மழைக்குள் போட்டி வைத்துக் காசு சேர்த்து, வள்ளமும் எஞ்சினும் வாங்கித் தந்துவிட்டார்கள். கையளிக்க அத்தானோடு கிளப்பின் மூத்த உறுப்பினர் ஒருவரும் வந்தார். பெயர் அலன். எங்கள் வெயிலில் முகமெல்லாம் சிவந்துபோன நெடிய மனிதர்.

வள்ளம், பக்கத்துக் கள்ளப்பாடு கிராமத்துக் கிறிஸ்ரினா அக்காவுக்கு. அவாவின் கணவரையும் வள்ளத்தையும் சுனாமி ஒன்றாகவே கொண்டுபோனது. கூட இருப்பது அவாவின் தம்பி அன்ரன். நல்ல தொழிலாளி... ஆனால் அன்றிலிருந்து கடலில் கால் வைக்கவில்லை.

போன எங்கள் மூவருக்கும் தேத்தண்ணி தந்துவிட்டுக் கிறிஸ்ரினா அக்கா சொன்னா:

"குறை நினையாதேங்கோ. வள்ளத்தை வேற ஆருக்கும் குடுங்கோ. எனக்கு இருக்கிறது இவன் ஒருத்தன்தான். இவனையும் கடலுக்குக் குடுக்க என்னால ஏலாது."

அன்ரன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். அத்தானின் முகம் செத்துவிட்டது. அவ்வளவு தூரம் வந்த மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? வேறு வழியில்லை... சொன்னார்.

அலன் கோபிக்கவில்லை. அப்படியே மணலில் உட்கார்ந்து தன் ஊரைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். அத்தான் மொழிபெயர்த்தார்.

கிளப்புக்குப் பக்கத்தில் இருப்பது பழைய மீன்பிடி நகரமாம். அலனின் பூட்டன் காலத்தில் ஒருநாள், வள்ளங்கள் எல்லாம் தொழிலுக்குப் போயிருக்கும்போது புயல் அடித்திருக்கிறது. தப்பி வந்தவை துறைமுக வாசலிலேயே கல்லில் மோதி உடைந்தன – பெண்கள் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க. அலனின் பூட்டியும் அந்தக் கரையில்தான் நின்றா. பூட்டன் வரவில்லை. பிறகு, முகம் தெரியாத ஆட்கள் எங்கெங்கோ இருந்து அனுப்பிய உதவியில்தான் பிள்ளைகளை வளர்த்தாவாம்.

கிறிஸ்ரினா அக்கா முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தா.

"பிறகு அவா பிள்ளையளைக் கடலுக்கு விட்டவாவோ?"

"மூத்தவர் போனவராம். தாய் கன நாள் அவரோட கதைக்கேல்லையாம்," என்றார் அத்தான். "இளையவர் போகவே இல்லை. கோல்ஃப் கிளப்பில புல்லு வெட்டப் போயிட்டார். அவற்ற பேரன்தான் இவர்."

"ரெண்டு பேரும் நல்லா இருந்தவையோ?"

"ஓம். ரெண்டு பேரும் கிழவராகித்தான் செத்தவை."

அக்காவின் முகத்தில் மெல்லிய சிரிப்பு. அன்ரனுக்கும் அப்போதுதான் வாய் திறந்தது.

"அந்த விளையாட்டில என்னண்ணை செய்யிறவை?"

"ஊரளவு காணியில நடந்து நடந்து, ஒரு பந்தைக் குழிக்குள்ள விழுத்துறது."

"அவ்வளவுதானோ!"

அத்தான் இதை மொழிபெயர்த்ததும் அலன் விழுந்து விழுந்து சிரித்தார்.

"வள்ளம் நிக்கட்டும்," என்றா அக்கா. "போறதும் விடுறதும் அவன்ர விருப்பம்."

ஒல்லாந்தர் கோட்டை கட்டிய காலத்திலிருந்து எங்கள் ஊரும் எத்தனையைக் கண்டுவிட்டது! சண்டையில் உடைந்தது. சமாதானம் என்றதும் தகரமும் ஓலையுமாக எழும்பியது. மூச்சு விடுவதற்குள் கடல் வந்தது. ஒவ்வொரு முறையும் நாங்களேதான் எழும்பினோம் என்று பெருமையடிக்கிறோமே... உண்மையா? எப்போதும் யாரோ ஒரு கை தந்திருக்கிறார்கள். நன்றி சொல்ல நாங்கள்தான் மறந்துவிடுகிறோம்.

போன கிழமை அன்ரன் கடலுக்குப் போனான். கேள்விப்பட்டு நானும் கரைக்கு ஓடினேன். வள்ளம் மணலில் ஏறியதும் அக்கா மீனைப் பார்க்கவில்லை. தம்பியின் நனைந்த சட்டையைப் பிடித்தபடியே கனநேரம் நின்றா.

பிறகு என்னிடம் வந்தா. "அந்த ஐயாவுக்கு நான் என்னத்தைக் குடுக்கிறது? ஞாயிற்றுக்கிழமைப் பூசையில என்ர மனிசன்ர பேரோட, அவையின்ர ஊரில செத்த ஆக்களையும் சேர்க்கச் சொல்லி ஃபாதரிட்டைச் சொல்லிப்போட்டன்."

"அவையின்ர பேர் ஒண்டும் தெரியாதே அக்கா?"

"கடலுக்குப் போய் வராத ஆக்கள் எண்டு சொன்னால் ஆண்டவருக்கு விளங்காதோ?"