மாடித் தோட்டமும் மல்லிகாவின் புடவைகளும்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் மொட்டை மாடியில் பதினைந்து தொட்டிகளில் கத்தரி போட்டிருக்கிறேன். ஆடி பிறந்ததும் விதைத்துவிடுவது என் வழக்கம். இரண்டு வருடங்களாக ஆடியிலும் சித்திரை போலவே வெயில் கொளுத்தியதால் நாற்றுகள் கருகிவிட்டன. ஆனாலும் வழக்கத்தை மாற்ற மனம் வரவில்லை.

இந்த வருடம் அதே வெயிலிலும் நாற்றுகள் தளதளவென்று நின்றன. எல்லாம் என் கைராசி என்று பூரித்துப்போனேன். எரிச்சல் ஒன்றே ஒன்றுதான். கீழ்வீட்டு மல்லிகா தினமும் தன் ஈரப் புடவைகளைச் சரியாக என் தொட்டிகளுக்கு மேலேயே கொடி கட்டிக் காயப்போட்டாள். ஒருநாள் காலை, கோபத்தில் அத்தனையையும் உருவித் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போட்டுவிட்டேன்.

மாலையில் மாடிக்குப் போனால் செடிகள் தலை தொங்கிக் கிடந்தன. மல்லிகா குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு தொட்டிக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"புடவைய ஏன்க்கா எடுத்தே? செடி வெயில்ல வாடிக்கினு கீதேன்னுதான் இங்க கொடி கட்னேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மல்லிகா."

"நீதான் என்னப் பாத்தாலே மூஞ்சத் திருப்பிக்கினு போறியே" என்று சொல்லிவிட்டு, அடுத்த தொட்டிக்கு நகர்ந்தாள்.

எனக்கு முகம் சுட்டது. இன்னொரு வாளியில் தண்ணீர் கொண்டு வந்தேன்.

மூன்று செடிகள் போய்விட்டன. மற்றவை பிழைத்துக் காய்க்கின்றன. இப்போது என் புடவைகளும் அந்தக் கொடியில்தான் காய்கின்றன. அடுத்த வருடம் எப்போது விதைப்பது என்று அவளைத்தான் கேட்கப்போகிறேன். காயைப் பார்த்து யாராவது என் கைராசியைப் புகழ்ந்தால், கீழ்வீட்டுக் கதவைக் காட்டுகிறேன்.